யாருக்கு லேசு?

நாய்க்கு வயதாகிறது என்பதை வீட்டில் முதலில் காதுதான் கண்டுபிடிக்கும். மொசைக் தரையில் ‘டக் டக்’ என்று நகம் தட்டுகிற சத்தம் மாதத்துக்கு மாதம் கூடிக்கொண்டே வரும். ஓடியாடுகிற வயதில் தார் ரோடும் சிமெண்டுத் தரையும் நகத்தைத் தாமாகவே தேய்த்துவிடும். மூட்டு வலி வந்து நடை குறைந்ததும் தேய்வதும் குறைகிறது. நீண்ட நகம் தரையில் முட்டி விரலை மேலே தள்ளுகிறது. விரல் தூக்கிக்கொண்டால் பாதம் சாய்கிறது. பாதம் சாய்ந்தால் ஏற்கெனவே வலிக்கிற மூட்டில் இன்னும் தப்பான இடத்தில் பாரம் இறங்குகிறது. வலி கூடுகிறது, நடை இன்னும் குறைகிறது, நகம் இன்னும் நீள்கிறது. எங்கள் தொழிலில் இதை இன்ஃபினிட் லூப் என்போம். வெளியிலிருந்து யாராவது கையை நீட்டினால்தான் நிற்கும்.

எங்கள் வீட்டு ஜூலிக்கு 14 வயது. 2011-ல், நான் பொறியியல் கடைசி வருடம் படித்துக்கொண்டிருந்தபோது, அப்பா அவளை ஒரு பிஸ்கட் அட்டைப் பெட்டியில் வைத்து உறையூர் வீட்டுக்குக் கொண்டுவந்தார். ‘பொமரேனியன்’ என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். நம்மூரில் அந்தப் பெயரில் வளர்கிற வெள்ளை நாய்களில் பெரும்பாலானவை இந்தியன் ஸ்பிட்ஸ். 1994-ல் வந்த ‘ஹம் ஆப்கே ஹைன் கோன்’ படத்தில் ஊரே கொண்டாடிய டஃபியும் அதே இனம்தான். இந்த இனத்துக்கு இரண்டு அடுக்கு முடி. மேலே நீளமான முரட்டு முடி, அடியில் பஞ்சு மாதிரி அடர்த்தியான இன்னொரு அடுக்கு. திருச்சி வெயிலுக்கு இதென்ன கோட்டு என்று பார்க்கிறவர்கள் எல்லோரும் கேட்பார்கள்.

அப்பா போய் நாலு வருடம் ஆகிறது. வீட்டில் இருப்பது அம்மாவும் ஜூலியும். நான் சென்னையில் வேலை பார்க்கிறேன். மாதத்தில் பாதி நாள் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு உறையூருக்கு வந்துவிடுவேன். அம்மாவுக்கு 67 வயது, இரண்டு முழங்காலிலும் தேய்மானம். ஜூலிக்கு இடுப்பிலும் பின்னங்காலிலும் தேய்மானம். இருவருக்கும் தனித்தனி மாத்திரை டப்பா. ஒன்றில் இருப்பது இன்னொன்றுக்குப் போய்விடாமல் இருக்க அம்மா ஒன்றின் மூடியில் சிவப்பு நூல் கட்டியிருக்கிறாள். நாம் சாதாரணமாகப் போட்டுக்கொள்கிற வலி மாத்திரைகள் பல நாயின் வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுத்துவிடும். பூனைக்கோ ஒரு பாராசிட்டமால் உயிருக்கே உலை வைக்கும்.

இரண்டு வருடம் முன்பு ஜூலிக்கு இருமல் வந்தது. மருத்துவர் ஸ்டெதஸ்கோப் வைத்ததுமே முகம் மாறினார். சின்ன இன நாய்களுக்கு வயதானால் இதயத்தின் மைட்ரல் வால்வு தடித்து, சரியாக மூடாமல், ரத்தம் பின்னால் கசிவது மிகச் சாதாரணம். அதுதான் இவளுக்கும். மாத்திரை எழுதித் தந்தார். தூங்கும்போது ஒரு நிமிடத்துக்கு எத்தனை முறை மூச்சு விடுகிறாள் என்று தினமும் எண்ணச் சொன்னார். 30-க்குக் கீழே இருந்தால் நிம்மதி. தொடர்ந்து தாண்டினால் உடனே தூக்கிக்கொண்டு வரவேண்டும். கழுத்துப் பட்டையைக் கழற்றிவிட்டு, மார்போடு போடுகிற பட்டைக்கு மாற்றச் சொன்னதும் அன்றைக்குத்தான். இருமுகிற நாயின் தொண்டைக்குழாயை இழுக்கக் கூடாது.

அதுவரை இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஜூலியைக் குளிப்பாட்டி முடி திருத்திவந்தவர், நாலு தெரு தள்ளி கடை வைத்திருக்கும் ஒரு பையன். விஷயத்தைச் சொன்னதும் அவர் யோசித்தார். “சார், மேஜை மேல ஒரு மணி நேரம் நிக்கணும். டிரையர் சத்தம், சூடு. ஹார்ட் இருக்கற நாயி. எனக்குப் பயமா இருக்கு சார். இனிமே வீட்லயே பாத்துக்கங்க.” நேர்மையான பேச்சு. அதோடு நிற்காமல் நல்லெண்ணத்தில் இன்னொன்றும் சொன்னார். “வேணும்னா கடைசியா ஒரு தடவ மெஷின் போட்டு மொத்தமா எடுத்துடறேன். அக்னி நட்சத்திரம் வேற வருது. ஆறு மாசத்துக்கு லேசா இருக்கும்.”

பக்கத்தில் நின்ற அம்மா கேட்டாள்: “யாருக்கு லேசு?”

கோபமாகக் கேட்கவில்லை. விலை கேட்கிற குரலில் கேட்டாள். பையன் சிரித்துவிட்டு, “உங்களுக்குத்தாம்மா” என்றார். அம்மா ஜூலியின் பட்டையைப் பிடித்துக்கொண்டு நடக்க ஆரம்பித்துவிட்டாள்.

*

அந்தக் கேள்வி எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். அம்மாவைப் பெற்ற பாட்டி லால்குடியில் இடுப்பெலும்பு முறிந்து படுத்தபோது நான் மூன்றாம் வகுப்பு. பாட்டிக்கு இடுப்பைத் தொடுகிற முடி. படுக்கையிலேயே கிடந்ததில் சிக்கு விழுந்தது, பேன் பிடித்தது. வீட்டுப் பெரியவர்கள் கூடிப் பேசி ஒருநாள் கழுத்தோடு கத்தரித்துவிட்டார்கள். பாட்டி ஒன்றும் சொல்லவில்லை. தலையணைக்கு அடியில் எப்போதும் வைத்திருந்த சின்னக் கைக்கண்ணாடியை அதற்கப்புறம் அவள் கேட்கவே இல்லை.

“சீவி விடறதுக்கு எனக்குத் தெம்பு இருந்துச்சுடா” என்று அம்மா இன்றைக்கும் சொல்வாள். “யாரும் எங்கிட்ட கேக்கல. அவங்ககிட்டயும் கேக்கல.”

நாயின் முடியையும் பாட்டியின் முடியையும் ஒன்றாக வைத்துப் பேசுவது சிலருக்கு உறுத்தலாம். அம்மாவுக்கு உறுத்தவில்லை. படுத்துக்கிடந்த உடம்பைத் துடைத்து, புரட்டிப்போட்டு, புண் வராமல் காத்த கை அவளுடையது. அந்தக் கைக்கு நாய், மனுஷி என்ற வித்தியாசம் கொஞ்சம் மங்கலாகத்தான் தெரிகிறது.

மொட்டை அடிக்க வேண்டாம் என்றுதான் மருத்துவரும் சொன்னார். அவர் சொன்ன காரணங்கள் வேறு. இரட்டை அடுக்கு முடி, காற்றைப் பிடித்து வைத்துக்கொண்டு குளிரைப் போலவே வெயிலையும் ஓரளவு தடுக்கிறது. நாய் நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்த்துக் குளிர்வதில்லை. இரைப்பதுதான் அதற்கு முக்கியமான வழி. ஆகவே முடியை வழித்துவிட்டால் காற்று பட்டுக் குளிரும் என்பது நம் உடம்பை வைத்து நாம் போடுகிற கணக்கு. வெள்ளை நாயின் வெளிறிய தோல் நேரடி வெயிலில் வெந்தும் போகும். தவிர, இந்த வகை முடியை அடியோடு வழித்தால் சில நாய்களுக்கு மாதக்கணக்கில் திரும்பி வளராது. வளர்ந்தாலும் திட்டுத்திட்டாக வரும். வயதான நாய்களுக்குத் தைராய்டுச் சுரப்பு குறைவது போன்ற கோளாறுகள் இருந்தால் இன்னும் மோசம்.

அம்மாவின் பதிலும் மருத்துவரின் பதிலும் ஒன்றாகவே வந்துவிட்டதில் எனக்கு ஒரு வசதி கிடைத்தது. ஜூலிக்கு எது செய்வதாக இருந்தாலும் முதலில் இது யாருக்கு லேசு என்று கேட்பது எங்கள் வீட்டுப் பழக்கமாகிவிட்டது. கேட்கக் கேட்க, பழைய பராமரிப்பில் பாதி நமக்காகச் செய்தது என்று புரிய ஆரம்பித்தது. வாராவாரம் ஷாம்பூ போட்டுக் குளிப்பாட்டியது வீட்டில் வாசனை வராமல் இருக்க. காதோர முடியை உருண்டையாக வெட்டியது விருந்தாளிகள் “என்ன அழகு” என்று சொல்ல. இளம் உடம்பு அதையெல்லாம் பொறுத்துக்கொண்டது. முதிய உடம்பில் அந்தப் பொறுமைக்குத் தனியாக ஒரு விலை உண்டு. நிற்பது வலி. நனைவது நடுக்கம். யாரோ அழுத்திப் பிடிப்பது மூச்சுத் திணறல்.

குளியலையே எடுத்துக்கொள்ளுங்கள். அடி முடி ஈரமாகவே இருந்தால் தோலில் கிருமியும் பூஞ்சையும் பிடிக்கும். முழுதாகக் காயவைக்க டிரையர் வேண்டும். டிரையர் ஜூலிக்கு ஆகாது. அதனால் முழுக் குளியலை மருத்துவர் சொல்கிறபோது மட்டும் என்று குறைத்தோம். மற்ற நாட்களில் வெதுவெதுப்பான தண்ணீரில் துணியை முக்கிப் பிழிந்து ஒரு பகுதி துடைப்பது, துடைத்த இடத்தை உடனே உலர்த்துவது, பிறகு அடுத்த பகுதி. உலர்த்துவதற்கு அப்பாவின் பழைய பருத்தி வேட்டிகள். அலமாரியிலிருந்து அம்மா அவற்றை எடுத்துத் தந்தபோது இருவரும் ஒன்றும் பேசிக்கொள்ளவில்லை. சீயக்காய்த்தூள் போடலாமா என்று மட்டும் கேட்டாள். நாயின் தோல் நம்முடையதைவிட மெல்லியது, அமிலத்தன்மையும் குறைவு. நம் தலைக்குப் போடுகிற எதுவும் அதற்குத் தோதல்ல. நாய்க்கென்று விற்கிற மிதமான ஷாம்பூவே போதும்.

சீப்பும் மாறியது. முன்பு வைத்திருந்தது ஊசி ஊசியாகக் கம்பி நீட்டிக்கொண்டிருக்கும் பிரஷ். வயதானதும் இடுப்புச் சதை வற்றி முதுகெலும்பும் இடுப்பெலும்பும் தோலுக்கடியில் துருத்திக்கொண்டு நிற்கின்றன. அந்தக் கம்பி இப்போது கீறும். அகலப் பல் சீப்பும் குழந்தைக்கு வாருகிற மென்மையான பிரஷும் வந்தன. காதுக்குப் பின்னாலும் அக்குளிலும்தான் சிக்கு விழும். அதைக் கத்தரியால் வெட்டக் கூடாது. சிக்கோடு தோலும் கூடாரம் மாதிரி எழும்பி வரும், வெட்டு தோலில் விழும். விரலால் நுனியிலிருந்து பிரித்து, தோல் பக்கம் இன்னொரு கையால் பிடித்துக்கொண்டு, கொஞ்சம் கொஞ்சமாகச் சீவ வேண்டும். பாட்டியின் தலைக்கு அம்மா செய்ய நினைத்ததும் இதைத்தான்.

*

இடத்தையும் மாற்றினோம். அம்மாவால் தரையில் உட்கார முடியாது, ஜூலியால் நிற்க முடியாது. ஹாலில் கிடந்த தாழ்வான திவானின் மேல் ஒரு யோகா மேட்டை விரித்தோம். ஜூலி அதில் நெஞ்சு தரையில் படப் படுத்துக்கொள்வாள். இதயக் கோளாறு உள்ள நாயை மல்லாத்தினால் மூச்சு வாங்கச் சிரமப்படும். அவள் தேர்ந்துகொள்கிற கிடையிலேயே வேலையை முடிக்க வேண்டும். அம்மா பிளாஸ்டிக் நாற்காலியைப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொள்வாள். இரண்டு பேர் மூட்டுக்கும் ஒரே உயரம்.

ஜூலிக்குக் காது மந்தம். கண்ணில் நீலம் பாய்ந்த மாதிரி ஒரு மங்கல். முதுமையில் கண்ணாடி வில்லை இறுகுவதால் வருவது, கண்புரை இல்லை என்றார் மருத்துவர். பின்னாலிருந்து தொட்டால் திடுக்கிடுவாள். ஆகவே முதலில் மூக்குக்கு முன் கையை நீட்ட வேண்டும். மோந்து பார்த்த பிறகு தோள். தோளிலிருந்து கையை எடுக்காமல் முதுகு வழியாகப் போனால் அடுத்து கை எங்கே வரும் என்று அவளுக்குத் தெரிந்துவிடும். வலிக்கிற இடுப்புக்குக் கடைசியில்தான் போக வேண்டும்.

நகத்துக்கு நாங்கள் வைத்திருக்கும் விதி, ஒரு நாளைக்கு ஒரு கால். நகத்துக்குள்ளே ரத்தமும் நரம்பும் ஓடுகிற சதை இருக்கிறது. நகம் நீள நீள அந்தச் சதையும் முன்னால் வந்துவிடும். ஒரே மூச்சில் அளவாக வெட்ட நினைத்தால் ரத்தம்தான் வரும். வாராவாரம் நுனியை மட்டும் கொஞ்சம் எடுத்தால் சதை மெல்லப் பின்வாங்கும். ஜூலிக்கு முடி வெள்ளை, நகம் கறுப்பு. உள்ளே இருப்பது வெளியே தெரியாது. மெல்லிய சீவலாக எடுத்து வெட்டுவாயைப் பார்க்க வேண்டும். நடுவில் ஒரு கரும்புள்ளி தெரிந்ததும் நிறுத்திவிட வேண்டும். தப்பித்தவறி ரத்தம் வந்தால் அழுத்தக் கார்ன்ஃபிளவர் மாவு ஒரு கிண்ணத்தில் தயாராக இருக்கும். முன்னங்காலில் தரையைத் தொடாமல் மேலே நிற்கிற அந்த ஒற்றை நகத்தை மறக்கவே கூடாது. தேய வழியில்லாமல் வளைந்து வளைந்து சதைக்குள்ளேயே இறங்கிவிடும். பாத மெத்தைகளுக்கு நடுவே வளர்கிற முடியையும் குறைத்துவிட்டால் மொசைக்கில் வழுக்குவது பாதி நின்றுவிடும்.

சென்னையில் என் எதிர் வீட்டில் 15 வயதுப் பூனை ஒன்று இருக்கிறது. முதுகின் பின்பாதியில் முடி ஒட்டிக்கொண்டு கட்டி கட்டியாகத் தொங்கியது. “சோம்பேறியாயிடுச்சு தம்பி, நக்கிக்கவே மாட்டேங்குது” என்றார் அந்த வீட்டு அக்கா. நகத்தைப் பாருங்கள், மருத்துவரிடம் காட்டுங்கள் என்றேன். வயதான பூனைகளில் பெரும்பாலானவற்றுக்கு மூட்டுத் தேய்மானம் இருக்கிறது. முதுகை வளைத்துத் திரும்பினால் வலிக்கும், அதனால் எட்டுகிற இடத்தை மட்டும் நக்கும். நாய் நொண்டிக் காட்டிவிடும். பூனை தன் வலியை முடியில்தான் எழுதி வைக்கும்.

*

எல்லா வேலைக்கும் ‘யாருக்கு லேசு’ என்று கேட்டு ஒரே பதில் வாங்கிவிட முடியாது. ஜூலியின் நுரையீரலில் நீர் சேராமல் இருக்க ஃபுரோசமைடு மாத்திரை தருகிறோம். அது உடம்பின் நீரைச் சிறுநீராக வெளியே தள்ளும். நாள் முழுக்கத் தண்ணீர் குடிப்பாள், அடிக்கடி போவாள். பின்னங்கால் வலியால் சரியாகக் குந்த முடியாததால் தொடை முடியெல்லாம் நனையும். நனைந்த முடி தோலில் ஒட்டிக் கிடந்தால் தோல் வெந்து சிவந்துவிடும். இதயத்தைக் காப்பாற்றுகிற மாத்திரை தொடையில் புண்ணாக்கும்.

அந்த இடத்து முடியை மட்டும் மெஷினால் ஒட்ட எடுக்கச் சொன்னார் மருத்துவர். மொட்டைக்கு வேண்டாம் என்ற அம்மா இதற்கு மறுப்புச் சொல்லவில்லை. “இது அவளுக்கும் லேசு, எனக்கும் லேசு” என்றாள். ஒவ்வொரு முறையும் வெதுவெதுப்பான நீரில் துடைத்து, வேட்டித் துணியால் ஒற்றி, மருத்துவர் தந்த களிம்பை மெல்லத் தடவ வேண்டும். குழந்தைகளுக்கு அரையில் போடுகிற களிம்பு வீட்டில் இருந்தால் அதை எடுத்துப் போட்டுவிடக் கூடாது. அவற்றில் பலவற்றில் துத்தநாகம் இருக்கும். நாய் நக்கி விழுங்கினால் விஷமாகலாம்.

பார்த்துக்கொள்கிறவருக்கு லேசாக இருப்பதும் ஒரு நியாயம்தான். 67 வயது முழங்காலால் இரவில் மூன்று முறை எழுந்து துடைக்க முடியாது. அம்மா விழுந்தால் ஜூலியைப் பார்க்க ஆள் கிடையாது. ராத்திரிக்கு மட்டும் நாய்களுக்கென்று விற்கிற டயப்பர் போடுகிறோம். காலையில் முதல் வேலையாகக் கழற்றிக் கழுவிவிடுகிறோம். பாட்டி விஷயத்தில் அம்மாவுக்கு ஆறாத புண், முடியை வெட்டியதைவிட அதைக் கேட்காமல் செய்ததுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. ஜூலியிடம் வாயால் கேட்க முடியாது. சீப்பை நீட்டினால் தலையைத் திருப்பிக்கொள்கிறாளா, உதட்டை நக்குகிறாளா, கொட்டாவி விடுகிறாளா என்று பார்க்கலாம். நாய்கள் ‘போதும்’ என்று சொல்வது அப்படித்தான். மூச்சு வேகமானாலோ நாக்கு நீலம் பாய்ந்தாலோ, பாதி வெட்டிய நகத்தோடு அப்படியே விட்டுவிட்டு எழுந்துவிட வேண்டும். மீதியை நாளைக்குப் பார்க்கலாம்.

அந்தக் கட்டியைக் கண்டுபிடித்ததும் சீப்புதான். இந்த வருடம் பிப்ரவரியில் வயிற்றுப்பக்கம் வாரிக்கொண்டிருந்த அம்மாவின் கை பின்மடியருகே நின்றது. “பட்டாணி மாதிரி இருக்குடா” என்றாள். பெண் நாய்களுக்கு மடியில் கட்டி வருவது சாதாரணம். அவற்றில் ஏறக்குறைய பாதி புற்று, பாதி தீங்கற்றது. எக்ஸ்ரேயில் நுரையீரலுக்குப் பரவியதாகத் தெரியவில்லை. எடுத்துப் பரிசோதித்தால்தான் எந்தப் பாதி என்று உறுதியாகும். எடுப்பதற்கு முழு மயக்க மருந்து வேண்டும். “இந்த ஹார்ட்டோட செய்யவே முடியாதுன்னு சொல்ல மாட்டேன். ரிஸ்க் ஜாஸ்தி. நீங்க ரெண்டு பேரும் பேசிட்டுச் சொல்லுங்க” என்றார் மருத்துவர்.

அன்றிரவு எங்களுக்குள் வாக்குவாதம் வந்தது. நான் ஆபரேஷன் பக்கம். எனக்குத் தெரியாமல் ஒன்று உள்ளே வளர்கிறது என்பதைத் தாங்குவது கடினமாக இருந்தது. அம்மா ரொம்ப நேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, “என்னன்னு தெரிஞ்சா உனக்கு லேசா இருக்கும். அவளுக்கு?” என்றாள். பிறகு அவளே, “விட்டுட்டா எனக்கு லேசா இருக்கும். அதுவும் அவளுக்கான்னு தெரியல” என்றாள். அதற்குமேல் வாக்குவாதத்துக்கு இடமில்லை. மறுநாள் மருத்துவரோடு உட்கார்ந்து மூன்று எல்லைகள் வைத்துக்கொண்டோம். கட்டி வேகமாகப் பெருத்தாலோ, தோல் உடைந்தாலோ, அவள் சாப்பிடுவதை நிறுத்தினாலோ மறுபடி யோசிப்பது. அதுவரை வாரம் ஒருமுறை அளந்து எழுதி வைப்பது.

அளப்பதற்கு நான் டிஜிட்டல் காலிப்பர் வாங்கினேன். ஞாயிறு காலை சீவும்போது மில்லிமீட்டரில் அளந்து என் கணினியில் ஏற்றுகிறேன். நான் இல்லாத ஞாயிறுகளில் அம்மா விரலால் அளந்து மாதக் காலண்டரில் பால் கணக்குக்குப் பக்கத்தில் எழுதுகிறாள். அவள் அளவுகள் பட்டாணி, மொச்சை, சுண்டைக்காய். ஐந்து மாதத்தில் என் கணக்கு 8-லிருந்து 11-க்கு வந்திருக்கிறது. அம்மா கணக்கில் பட்டாணி மொச்சையாகி, இரண்டு மாதமாக மொச்சையிலேயே நிற்கிறது. யாருடையது துல்லியம் என்று நாங்கள் விவாதிப்பதில்லை. போன வாரம் ஊருக்குப் போனபோது காலண்டரில் கடைசியாக இருந்த வரி இது: ‘பால் 1. மூச்சு 24. அதே மொச்சை. வலது பின்னங்கால் நகம் ஆச்சு, இடது நாளைக்கு.’